ரத்தத்துல காம்ப்ளிமென்ட் நார்மல், முட்டிக்குள்ள காலி: கடலூர்ல பார்த்த ஒரு முடக்குவாத கேஸ்

பின்னணி

நான் மஞ்சக்குப்பத்துல சின்ன கிளினிக் வெச்சிருக்கேன், ஜெனரல் பிசிசியன், மூட்டுவாத ஸ்பெஷலிஸ்ட் கிடையாது. தலைப்புல இருக்குற காம்ப்ளிமென்ட்ங்குறது ரத்தத்துல இருக்குற ஒரு எதிர்ப்பு சக்தி புரதக் கூட்டம். இந்தக் கேஸை எழுத அந்த அக்காவும் அவங்க பையனும் சம்மதம் சொன்னாங்க. பேரு, தெரு, ஆஸ்பத்திரி எதையும் போடல. இதுல என் பக்கம் நடந்த ரெண்டு தப்பையும் மறைக்காம எழுதுறேன், ஏன்னா அதே தப்பு இன்னும் பல கிளினிக்ல நடந்துட்டு இருக்கும்னு நினைக்கிறேன்.

அக்காவுக்கு 47 வயசு. விடியக்காலை முதுநகர் துறைமுகத்துல ஏலத்துல மீன் எடுத்து, தெருத்தெருவா வித்துட்டு, சாயங்காலம் மார்க்கெட்ல உக்காந்து மத்தவங்க வாங்குற மீனை வெட்டிக் குடுப்பாங்க. வீட்டுக்காரர் இறந்து பல வருஷம் ஆச்சு. ஒரே பையன், சிப்காட்ல ஷிப்ட் வேலை.

முதல் தடவை வந்தது, ஆடி மாசம்

"டாக்டரம்மா, காலைல எழுந்தா வெரலு வெறைச்சுக்குது, பத்து மணி வரைக்கும் அருவாமனைல கை நிக்க மாட்டேங்குது"ன்னாங்க. நாலு மாசமா இப்படித்தானாம். 2006ல சிக்குன்குனியா வந்தப்போ இந்த ஊர்ல வீட்டுக்கு வீடு மூட்டு வலியோட கிடந்தாங்க, அதனால இங்க யாருக்கு மூட்டு வலிச்சாலும் பழைய சிக்குன்குனியா வலின்னு முதல்ல சொல்லிடுவாங்க. இவங்களும் அப்படியே நினைச்சு மெடிக்கல் ஷாப்ல வலி மாத்திரை வாங்கிப் போட்டுட்டு இருந்திருக்காங்க.

இடது கட்டைவிரல்ல பாதி ஆறின வெட்டுக்காயம் ஒண்ணு இருந்துச்சு. அருவாமனைல மீன் வெட்டும்போது பலகையை ஒரு கால் அழுத்திப் பிடிச்சிருக்கும், ரெண்டு கையும் மீனை கத்தி மேல தள்ளும், பிடி லேசா தளர்ந்தாலும் விரல்தான் போகும். இருபது வருஷமா வெட்டுறவங்களுக்கு புதுசா விரல் வெட்டுப்படுதுன்னா அது கவனக்குறைவு இல்ல, பிடி போயிடுச்சுன்னு அர்த்தம். என் ரெண்டு விரலை அவங்க உள்ளங்கைல வெச்சு அழுத்துங்கன்னேன், முழுசா மூடவே வரல. விரல் கணு வரிசையை ரெண்டு பக்கமும் சேர்த்து லேசா அமுக்கினதும் கையை இழுத்துக்கிட்டாங்க, கண்ல தண்ணி வந்துடுச்சு. ரெண்டு மணிக்கட்டும் வீங்கி இருந்துச்சு. வலது முட்டியில கொஞ்சம் வீக்கம்.

ரத்தம் பார்த்ததுல, முடக்குவாதத்தைக் காட்டுற ஆர்.ஏ. ஃபேக்டர் 86, ஆன்டி சிசிபி 200க்கு மேல, அழற்சியைக் காட்டுற ஈஎஸ்ஆர் 78, சிஆர்பி 32, ஹீமோகுளோபின் 9.8. கை எக்ஸ்ரேல எலும்பு அரிப்பு எதுவும் இல்ல, மூட்டை ஒட்டி எலும்பு அடர்த்தி கொஞ்சம் குறைஞ்சு இருந்துச்சு. ஊர்ல சரவாங்கின்னு சொல்ற முடக்குவாதம்தான், சந்தேகமே வேண்டியதில்ல.

கல்லீரல், கிட்னி, மஞ்சள் காமாலை வைரஸ் டெஸ்ட், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்த்துட்டு, மெத்தோட்ரெக்சேட் 10 மி.கி. வாரத்துக்கு ஒரே ஒரு நாள், ஞாயித்துக்கிழமை மட்டும், வேற ஒரு நாள்ல ஃபோலிக் ஆசிட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200, கொஞ்ச நாளைக்கு மட்டும் சின்ன டோஸ் ஸ்டீராய்டுன்னு ஆரம்பிச்சேன். சீட்டுல "ஞாயிறு மட்டும்"னு சிவப்பு மையில எழுதி வட்டம் போட்டேன், மெத்தோட்ரெக்சேட்டை தினசரி மாத்திரைன்னு நினைச்சுப் போட்டா உயிருக்கே ஆபத்து. ரெண்டு மாசத்துல நல்ல மாற்றம், காலை விறைப்பு அரை மணி நேரத்துக்குக் குறைஞ்சுடுச்சு.

நடுவுல வந்த ரிப்போர்ட்

புரட்டாசில அவங்க தெருவுல ஒரு லேப்காரங்க கேம்ப் போட்டு, ஒரே ரேட்ல ஏகப்பட்ட டெஸ்ட் எடுத்திருக்காங்க. அந்த லிஸ்ட்ல காம்ப்ளிமென்ட் புரதத்துல சி3, சி4ன்னு ரெண்டும் இருந்துச்சு. சி3 172, சி4 39. ரெண்டுமே லேப் போட்டிருந்த நார்மல் அளவுக்குள்ள, மேல் ஓரத்துல. அந்த அக்கா அதை என்கிட்ட கொண்டு வந்தன்னைக்கு வெளிய முப்பது பேருக்கு மேல காய்ச்சல்னு உக்காந்திருந்தாங்க. நான் பேப்பரைப் புரட்டிப் பார்த்துட்டு "எல்லாம் நல்லாதான் இருக்குக்கா"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

பையனோட பெரியம்மா பொண்ணு பண்ருட்டில இருக்காங்க, அவங்களுக்கு லூபஸ், எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குற இன்னொரு நோய். அவங்களுக்கு ஒவ்வொரு ரிவ்யூவுலயும் சி3, சி4 பார்ப்பாங்களாம், குறைஞ்சா நோய் கிளம்புதுன்னு மருந்தை ஏத்துவாங்க, நார்மலா இருந்தா நோய் அடங்கி இருக்குன்னு சொல்வாங்க. லூபஸுக்கு அது சரிதான். பையன் அந்தக் கணக்கை அப்படியே அம்மாவுக்குப் போட்டிருக்கான். சி3, சி4 நார்மல், டாக்டரும் நல்லா இருக்குன்னுட்டாங்க, அப்போ எதிர்ப்பு சக்தி பிரச்சனை முடிஞ்சுது, இனி எதுக்கு புத்துநோய்க்குக் குடுக்குற மருந்து? யாரோ மெத்தோட்ரெக்சேட்டைப் பத்தி அப்படி பயமுறுத்தி இருக்காங்க, அந்த பயம் ஏற்கெனவே வீட்டுக்குள்ள இருந்திருக்கு, அதுக்கு ஒரு காரணம் மட்டும்தான் தேவைப்பட்டுச்சு, அந்தக் காரணத்தை என் வாயாலயே குடுத்துட்டேன். எல்லா மருந்தையும் நிறுத்திட்டாங்க.

மழைக்காலம், வீங்கின முட்டி

கார்த்திகைல தெருவெல்லாம் தண்ணி நிக்குற ஒரு நாள், பையன் தோள்ல சாஞ்சுக்கிட்டு ஷேர் ஆட்டோல வந்து இறங்கினாங்க. வலது முட்டி தேங்காய் சைஸ்ல இருந்துச்சு, தொட்டா சுடுது, காய்ச்சல் 99.8. ரெண்டு கையும் பழையபடி வீங்கிடுச்சு. "மேடம், நீங்கதானே நல்லா இருக்குன்னு சொன்னீங்க"ன்னு பையன் கேட்டான். கோவமா கேக்கல, புரியாம கேட்டான்.

முடக்குவாதம் இருக்குறவங்களுக்கு ஒரே ஒரு மூட்டு மட்டும் இப்படி சூடா வீங்குனா, வாதம் கிளம்பிடுச்சுன்னு நேரா ஸ்டீராய்டு ஊசி போட்டுடக் கூடாது, முதல்ல உள்ள சீழ் பிடிச்சிருக்கான்னு பார்க்கணும். மத்தவங்களை விட இவங்களுக்கு மூட்டுல கிருமி தொத்துற வாய்ப்பு அதிகம். அதனால ஆன்டிபயாடிக்குக்கு முன்னாடி, ஸ்டீராய்டுக்கு முன்னாடி, நீரை எடுத்துப் பார்க்குறதுன்னு முடிவு பண்ணேன்.

இருபது மில்லி சிரிஞ்சு ரெண்டரை தடவை நிறைஞ்சுது, கிட்டத்தட்ட 50 மில்லி. நல்ல மூட்டு நீரை ஊசி முனைலேர்ந்து சொட்ட விட்டா வெண்டைக்காய் கொழகொழப்பு மாதிரி நூல் இழுக்கும். இது தண்ணி மாதிரி டொப்பு டொப்புன்னு விழுந்துச்சு. டியூபுக்குப் பின்னாடி பேப்பரைப் பிடிச்சுப் பார்த்தேன், எழுத்து தெரியல, மஞ்சளா கலங்கி இருந்துச்சு. ஆனா கெட்டியான சீழ் இல்ல.

சாம்பிள்ல நடந்த தப்பு

புதுச்சேரியில ஒரு பெரிய ஆஸ்பத்திரில எனக்குத் தெரிஞ்ச மூட்டுவாத டாக்டர் இருக்கார். போன்ல கேட்டதும், செல் கவுன்ட், கிருமி வளருதான்னு பார்க்க கல்ச்சர், கிரிஸ்டல், டிபி டெஸ்ட்டுக்கு அனுப்புங்க, அந்த சி3, சி4 குழப்பம் வந்த கேஸ்தானே, நீர்லயும் ரத்தத்துலயும் சேர்த்தே பார்த்துடலாம், பசங்களுக்கு சொல்லிக் குடுக்கவும் ஆகும்னார். சரின்னு நான் காம்ப்ளிமென்ட்டுக்கு ஒரு டியூப் சேர்த்து எடுத்து வெச்சேன். சிவப்பு மூடி போட்ட சாதா டியூப். ஐஸ் வைக்கல. பையன்கிட்ட குடுத்து பஸ்ல அனுப்பினேன். 25 கிலோமீட்டர் பக்கம்தான், ஆனா அன்னைக்கு மழைல டிராஃபிக் நின்னு, லேப் கைக்குப் போறதுக்குள்ள நாலு மணி நேரம் ஆயிடுச்சு.

சாயங்காலம் லேப்லேர்ந்து போன். "மேடம், கல்ச்சர் ஓகே, ஊதா மூடி டியூப்ல செல் கவுன்ட்டும் ஓகே. இந்த சிவப்பு மூடி டியூப் உறைஞ்சு போய் கிடக்கு, இதுல காம்ப்ளிமென்ட் பார்த்தா வர்ற நம்பரை நம்ப முடியாது, ரிஜெக்ட் பண்றேன்"னார் அந்தத் தம்பி. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. காம்ப்ளிமென்ட் புரதம் உடம்பை விட்டு வெளிய வந்ததும் தூங்கிடாது, டியூபுக்குள்ளயும் ஒண்ணை ஒண்ணு உடைச்சுக்கிட்டே போகும். அதை நிறுத்தத்தான் ஈடிடிஏ இருக்குற ஊதா டியூப், அது கால்சியம் மெக்னீசியத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், அது ரெண்டும் இல்லாம இந்த வேலை நடக்காது. அதோட ஐஸ்லயே வெச்சு சீக்கிரம் மெஷின்ல சுத்தி செல்லைப் பிரிக்கணும். இவ்வளவு தூரம் வந்து எடுத்த சாம்பிள், மீன்காரம்மாவோட சாம்பிளை ஐஸ் இல்லாம அனுப்பி இருக்கேன்னு நினைச்சு அன்னைக்கு ராத்திரி பூரா மனசு கேக்கல.

மறுநாள் காலைலயே அவங்களை புதுச்சேரில அட்மிட் பண்ணிட்டாங்க. திரும்பவும் நீர் சேர்ந்திருந்ததால எப்படியும் எடுக்க வேண்டி இருந்துச்சு, அதுலேர்ந்தே ஊதா டியூப்ல, ஐஸ்ல வெச்சு, பத்து நிமிஷத்துல லேப்புக்குப் போச்சு. அதுக்குன்னு தனியா இன்னொரு தடவை குத்தல, அது வரைக்கும் நிம்மதி.

நீர் சொன்னது

வெள்ளை அணு 24,000, அதுல 86 சதவீதம் நியூட்ரோஃபில்ங்குற வகை. கிரிஸ்டல் இல்ல. கிராம் ஸ்டெயின்ல கிருமி இல்ல, டிபி டெஸ்ட் நெகட்டிவ். 50,000 தாண்டினா சீழ் சந்தேகம் பலமாகும், இது அதுக்குக் கீழ, இருந்தாலும் நம்பரை மட்டும் நம்பி விட முடியாது, கல்ச்சர் வர்ற வரைக்கும் ஆன்டிபயாடிக் ஏத்தினாங்க.

இப்போ காம்ப்ளிமென்ட். அதே நாள் எடுத்த ரத்தத்துல சி3 165, சி4 38. முட்டி நீர்ல சி3 38, சி4 வெறும் 4. நீர்ல இந்த மாதிரி புரதம் ரத்தத்தை விடக் கொஞ்சம் குறைவாதான் இருக்கும், அதனால நேரா ஒப்பிடக் கூடாது, மொத்தப் புரதத்தோட சேர்த்துப் பார்க்கணும். ரத்தத்துல புரதம் 7.4, நீர்ல 4.6. அந்த விகிதத்துக்கு நீர்ல சி3 100 பக்கம் இருக்கலாம், சி4 20க்கு மேல இருக்கலாம். இருந்தது 38ம் 4ம். மீதி எங்க போச்சு? உள்ளயே செலவாயிடுச்சு.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்ல. 1964லயே பெக்கின், ஸ்வைஃப்ளர்னு ரெண்டு பேர் மூட்டு நீர்ல காம்ப்ளிமென்ட்டை அளந்து முடக்குவாதக்காரங்களுக்கு அது குறைஞ்சு இருக்குறதை எழுதிட்டாங்க. நான் படிக்கும்போது பரீட்சைக்கு மனப்பாடம் பண்ண வரி அது, கிளினிக்ல உக்காந்து ரிப்போர்ட்டைப் புரட்டும்போது ஞாபகத்துக்கு வரல.

நடக்குறது இதுதான். ஆர்.ஏ. ஃபேக்டர்ங்குறது நம்ம ஆன்டிபாடி மேலயே போய் ஒட்டுற இன்னொரு ஆன்டிபாடி. ரெண்டும் மூட்டுக்குள்ள கட்டிகட்டியா சேரும். அந்தக் கட்டி மேல காம்ப்ளிமென்ட்டோட முதல் புரதம் சி1 வந்து உக்காரும், அது சி4ஐ உடைக்கும், அப்புறம் சி2, சி3, சி5ன்னு வரிசையா உடைஞ்சுக்கிட்டே போகும். சி4 இவ்வளவு கீழ இறங்கினதே அந்த வழியாத்தான் தீ பிடிச்சிருக்குங்குறதுக்கு நல்ல அடையாளம். சி5 உடையும்போது வர்ற சின்னத் துண்டு சி5ஏ, அது நியூட்ரோஃபிலை வா வான்னு கூப்பிடுற ஆளு. இந்த முட்டில 86 சதவீதம் நியூட்ரோஃபில் நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம். வந்த நியூட்ரோஃபில் தன்கிட்ட இருக்குற என்சைமைக் கொட்டி குருத்தெலும்பை அரிக்கும், அரிச்ச துண்டும் செத்த செல்லும் திரும்ப காம்ப்ளிமென்ட்டைக் கிளப்பி விடும், இப்படியே சுத்திக்கிட்டே இருக்கும்.

அப்போ ரத்தத்துல ஏன் குறையல? காம்ப்ளிமென்ட்டைப் பெரும்பாலும் தயாரிக்கிறது கல்லீரல். உடம்புல எங்க அழற்சி இருந்தாலும் கல்லீரல் சி3, சி4 தயாரிப்பை ஏத்தி விடும். மூட்டுல செலவாகுறதை விட வரத்து அதிகம். அதனால முடக்குவாதம் கொழுந்துவிட்டு எரியும்போது ரத்தத்துல இது நார்மலா இருக்கும், நிறைய பேருக்கு நார்மலுக்கு மேலயே இருக்கும். புரட்டாசில வந்த 172ஐ பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது.

அந்த அக்காவுக்கு இதைச் சொல்ல அவங்க தொழிலைத்தான் எடுத்துக்கிட்டேன். "அக்கா, சீசன்ல ரோட்டுல ஐஸ் வண்டி நிறைய ஓடுதுன்னா துறைமுகத்துல ஐஸ் மிச்சம் கிடக்குன்னா அர்த்தம்?" "இல்லம்மா, அங்க எறக்க எறக்க கரைஞ்சு போவும், அதான் வண்டி ஓடுது." "நாம ரோட்டைப் பார்த்துட்டு துறைமுகம் ரொம்பியிருக்குன்னு முடிவு பண்ணிட்டோம்." கொஞ்ச நேரம் எதுவும் பேசல, அப்புறம் மகன் பக்கம் திரும்பி, "உங்க அக்காளுக்கு ஐஸ் கம்பெனியே காலியாவுற வியாதி, எனக்கு கரையில கரையுற வியாதி, புரியுதாடா"ன்னாங்க. லூபஸுக்கு கம்பெனி காலியாகுதுன்னு சொல்றது முழுசா சரி இல்ல, அங்க உடம்பு முழுக்க பல இடத்துல செலவாகி ரத்தத்துலயே குறையுது. ஆனா வித்தியாசத்தைப் பிடிச்சுட்டாங்க, அது போதும்.

எடுத்த முடிவும் காரணமும்

கல்ச்சர்ல 48 மணி நேரத்துல எதுவும் வளரல, ஆன்டிபயாடிக்கை நிறுத்தினாங்க, அதுக்கப்புறமும் அஞ்சு நாள் வரைக்கும் கல்ச்சரை வெச்சுப் பார்த்தாங்க, சுத்தமா இருந்துச்சு. அப்புறம்தான் முட்டிக்குள்ள ட்ரையாம்சினோலோன்ங்குற ஸ்டீராய்டு 40 மி.கி. ஊசி. மெத்தோட்ரெக்சேட்டை 15ல திரும்ப ஆரம்பிச்சு, ரத்தம் பார்த்துப் பார்த்து 20க்கு ஏத்தினாங்க. ஹைட்ராக்சிகுளோரோகுயின் தொடர்ந்துச்சு, ஸ்டீராய்டு மாத்திரை சில வாரம் மட்டும் குறைச்சுக்கிட்டே வந்து நிறுத்துற மாதிரி.

ஒண்ணு தெளிவா சொல்லணும், நீர்ல பார்த்த சி3, சி4 இந்த சிகிச்சையில ஒரு மாத்திரையைக் கூட மாத்தல. செல் கவுன்ட்டும் கல்ச்சரும்தான் மாத்துச்சு. அதனால இதைப் படிச்சுட்டு எல்லாருக்கும் மூட்டு நீர்ல காம்ப்ளிமென்ட் பார்க்கணும்னு யாரும் கிளம்ப வேண்டாம். இங்க அது உபயோகப்பட்டது அந்தக் குடும்பத்துக்குப் புரிய வைக்க, எனக்கும் புரிய வைக்க.

பையன் நல்ல கேள்வி ஒண்ணு கேட்டான். "சி5தான் ஆளைக் கூப்பிடுதுன்னா அதையே நிறுத்த மருந்து இல்லையா மேடம்?" இருக்கு. சி5ஐ அடைக்கிற ஊசி 2007லேர்ந்தே ஒரு அபூர்வமான ரத்த வியாதிக்குக் குடுக்குறாங்க. முடக்குவாதத்துக்கும் காம்ப்ளிமென்ட்டை அடைச்சுப் பார்த்தாங்க, எதிர்பார்த்த பலன் வரல, இன்னைக்கு வரைக்கும் அது இந்த நோய்க்கான சிகிச்சையா ஆகல. மூட்டுக்குள்ள காம்ப்ளிமென்ட் மட்டும் தனியா எரியல, அழற்சியைத் தூண்டுற டிஎன்எஃப் மாதிரி மத்த புரதங்களும் சேர்ந்தே எரியுது. மெத்தோட்ரெக்சேட் மொத்த அழற்சியையும் அடக்குறதால இதுவும் சேர்ந்து தணியும். அவன் பயந்த மாத்திரைதான் நிஜமா வேலை செய்யுற மாத்திரைன்னு உக்கார வெச்சு சொன்னேன். புத்துநோய்க்குக் குடுக்குற டோஸ் எவ்வளவு பெருசு, இது எவ்வளவு சின்னது, ஏன் மாசாமாசம் ரத்தம் பார்க்கச் சொல்றோம்னு எல்லாம். இதை ஆடி மாசமே சொல்லி இருக்கணும்.

அதுக்கப்புறம்

மூணு மாசத்துல காலை விறைப்பு 15 நிமிஷத்துக்கு வந்துடுச்சு. ஈஎஸ்ஆர் 26. மூட்டு எண்ணிப் போடுற டிஏஎஸ்28 ஸ்கோர் 5.9லேர்ந்து 3.1. முட்டி திரும்ப வீங்கல. நடுவுல ஒரு தடவை கல்லீரல் என்சைம் லேசா ஏறுச்சு, ஒரு வாரம் மருந்தை நிறுத்திட்டுத் தொடர்ந்ததும் சரியாச்சு.

ஆனா கை எக்ஸ்ரேல வலது மணிக்கட்டுலயும் ஆள்காட்டி விரல் கணுவுலயும் சின்னச் சின்ன எலும்பு அரிப்பு. ஆடில அது இல்ல. மருந்து இல்லாம இருந்த அந்த ரெண்டு மாசத்துலதான் வந்துச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது, ஆனா அந்த ரெண்டு மாசத்தை என்னால ஒதுக்கித் தள்ளவும் முடியல. ஆள்காட்டி விரல் இன்னைக்கும் முழுசா மடங்க மாட்டேங்குது. ஏலத்துக்குப் போறாங்க, விக்கிறாங்க. வெட்டுறதை மட்டும் பக்கத்துல உக்கார்ற இன்னொரு அம்மாகிட்ட விட்டுட்டாங்க, வெட்டுக்கூலி அவங்களுக்குப் போயிடுது. தினசரி கைக்கு வர்ற காசு அது, சின்ன இழப்பு இல்ல.

மாத்திக்கிட்டது

முடக்குவாதம்னு உறுதியானவங்க யாராவது கேம்ப் ரிப்போர்ட்டோட வந்தா, சி3, சி4 பக்கத்துலயே பேனாவால "இது மூட்டு வாதத்தோட வேகத்தைக் காட்டாது"ன்னு எழுதிக் குடுக்குறேன். அது குறைஞ்சு இருந்தா மட்டும் உஷாராகுறேன், முடக்குவாதத்துல ரத்தத்துல காம்ப்ளிமென்ட் குறையுறது சாதாரணம் இல்ல, லூபஸ் சேர்ந்திருக்கா, ரத்தக்குழாய் அழற்சி இருக்கா, கல்லீரல் சரியா இருக்கான்னு தேடணும். வாதம் அடங்கியிருக்கான்னு பார்க்க வீங்கின மூட்டை எண்ணுறேன், காலை விறைப்பு எத்தனை நிமிஷம்னு கேக்குறேன், ஈஎஸ்ஆர், சிஆர்பி பார்க்குறேன். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் "நல்லா இருக்கு"ன்னு மொட்டையா சொல்றது இல்ல, எது நல்லா இருக்கு, எந்த மாத்திரை தொடரணும்னு சேர்த்தே சொல்றேன், கூட வந்தவங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்றேன்.

கிளினிக்ல ஊதா டியூபோட ஒரு சின்ன தெர்மாகோல் பெட்டியும் ஐஸ் பேக்கும் ரெடியா இருக்கு. பெட்டியைக் குடுத்தது அந்த அக்காதான், மீன் பார்சலுக்கு வாங்கி வெச்சிருந்த புதுசு, காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க. அடுத்த ரிவ்யூ சித்திரையில, அதுக்குள்ள ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்காக கண் டெஸ்ட் ஒண்ணு பாக்கி இருக்கு, லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்னு பையன் தேதி வாங்கி வெச்சிருக்கான்.